இயல்புநிலையா, முன்னிருப்பா?

"உபுண்டுவின் இயல்புநிலை டெஸ்க்டாப் சூழல் க்னோம்." லினக்ஸ் இயங்குதளம் பற்றித் தமிழில் எழுதுபவர்களிடம் இப்படி ஒரு வரி வராமல் இருப்பதில்லை. உபுண்டு லினக்ஸில் ஒரு வகை. டெஸ்க்டாப் சூழல் என்பது திரையில் நாம் காணும் சாளரங்களும் பட்டிகளும் சேர்ந்த முகப்பு, க்னோம் அப்படி ஒன்று. டிஃபால்ட் (default) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகத்தான் இதைப் போடுகிறார்கள், ஆனால் அதற்கு 'இயல்புநிலை' பொருந்தவே பொருந்தாது.

டிஃபால்ட் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். வேர்ப்பொருள் தவறுதல், இல்லாமற்போதல். கடனைக் கட்டத் தவறுவதும் அதுதான், வழக்கில் ஆஜராகாமல் இருப்பதும் அதுதான். கணினியில், நாம் எதையும் தேர்ந்தெடுக்காதபோது நடப்புக்கு வருவது டிஃபால்ட்.

இதில் இயல்பு எங்கிருந்து வந்தது? சுடுவது தீயின் இயல்பு. வெள்ளம் வடிந்தபின் ஊர் இயல்புநிலைக்குத் திரும்புகிறது. உபுண்டுவோ 2004-ல் க்னோமோடு வந்தது, 2011-ல் 11.04 பதிப்பில் யூனிட்டி என்ற வேறு சூழலுக்கு மாறியது, 2017-ல் 17.10 பதிப்பில் மறுபடி க்னோமுக்கே வந்தது. பதிமூன்று ஆண்டில் இரண்டு முறை மாறுவதை இயல்பு என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் 2013-ல் எக்ஸ்எஃப்சிஇ என்ற சூழலுக்கு மாற்றிப் பார்த்தார்கள். 2014-ல் க்னோமுக்கே திரும்பினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் க்னோமில் மேலாக இருந்ததும், கணினியின் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யோடு அது ஒத்துப்போனதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் சில. ஆட்கள் உட்கார்ந்து வாதாடி எடுத்த முடிவு இது. 'இயல்புநிலை' என்றதும் அந்த ஆட்களும் வாதங்களும் மறைந்துபோகிறார்கள். மற்றதெல்லாம் இயல்புக்கு மாறானது, தொட்டால் கெட்டுவிடும் என்று புதிதாக வருபவர் மிரள்கிறார். யாரும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளில் இந்தப் பயம் வரவே கூடாது.

'முன்தேர்வு' என்று ஒரு யோசனை உண்டு. பொருள் சரிதான், ஆனால் தேர்வு என்றாலே நம் பிள்ளைகளுக்குப் பரீட்சைதான்.

'முன்னிருப்பு' போதும். கட்டற்ற மென்பொருள் மொழிபெயர்ப்புகளில் ஏற்கெனவே புழங்கும் சொல். இருப்பு என்றால் கிடங்குச் சரக்கு நினைவுக்கு வருகிறது என்பார்கள். 'முன்' சேர்ந்ததும் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்கிறது. டெபியனைக் கணினியில் ஏற்றும் நிறுவியில் டெஸ்க்டாப் பட்டியல் வரும்போது க்னோமுக்கு எதிரே ஏற்கெனவே குறி இருக்கும். அதை எடுத்துவிட்டு கேடிஇ, மாட்டே (MATE) போன்ற வேறு சூழலுக்குக் குறி போடலாம். நமக்கு முன்பே அங்கே இருக்கிறது, வேண்டாமென்றால் மாற்றலாம்: முன்னிருப்பு சொல்வது இதைத்தான்.

மொழிபெயர்ப்பவர்கள் அந்தத் திரையை ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். திரையில் வரும் சொற்றொடர்களை, அதாவது சரங்களை, வெறும் பட்டியலாகக் கையில் வைத்துக்கொண்டு, அகராதியில் முதலில் கண்ட சொல்லைப் போட்டு நிரப்புவதால்தான் 'இயல்புநிலையை மாற்று' என்றெல்லாம் பொத்தான்கள் வருகின்றன. 'முன்னிருப்பை மாற்று' என்று எழுதினால் யாருக்கும் புரியும்.