மூன்று கொலை தெரிந்தால் நான்காவது தெரியுமா?

அர்ஜென்டினா எழுத்தாளர் கில்லெர்மோ மார்ட்டினெஸ் கணிதத் தர்க்கத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆக்ஸ்ஃபோர்டிலும் ஆய்வு செய்திருக்கிறார். அவருடைய 2003 நாவலை ஸ்பெயின் இயக்குநர் அலெக்ஸ் டெ லா இக்லேசியா ‘தி ஆக்ஸ்ஃபோர்டு மர்டர்ஸ்’ என்று 2008இல் படமாக்கினார். சாவுகளோடு ஒவ்வொரு குறியாக வருகிறது. முதல் குறி வட்டம். அடுத்தது என்ன என்று ஒரு பேராசிரியரும் மாணவரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். படம் சுமார்தான், பேச்சு ஜாஸ்தி. ஆனால் அதற்கு அடியில் ஓடும் கணக்கு அசல் சரக்கு.

2, 4, 8. அடுத்து? 16 என்று வாய் முந்திக்கொள்ளும். வேறொரு விதியைப் பாருங்கள்: இடத்தின் எண்ணை அதாலேயே பெருக்கி, அதே எண்ணைக் கழித்து, 2 கூட்டுங்கள். முதலிடத்தில் 1−1+2, அதாவது 2. அடுத்து 4−2+2 = 4. மூன்றாவது 9−3+2 = 8. நான்காவது 16−4+2 = 14!

இன்னும் கொஞ்சம் விளையாடலாம். இடத்தின் எண்ணிலிருந்து 1, 2, 3 மூன்றையும் தனித்தனியே கழித்து, வரும் விடைகளைப் பெருக்குங்கள். முதல் மூன்று இடங்களிலும் ஏதாவது ஒன்று பூஜ்யமாகி, பெருக்கலே பூஜ்யமாகிவிடும். நான்காவதில் 3×2×1 = 6. இதை முந்தைய விதியோடு கூட்டினால் 2, 4, 8 அசையாது, நான்காவது மட்டும் 20 ஆகும். முழுதுக்குப் பதில் அந்தப் பெருக்கலில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் நம் 16. இருமடங்கைக் கழித்தால் வெறும் 2. வேண்டிய எண்ணை வரவழைத்துக்கொள்ளலாம்.

வெறும் காகித வித்தை என்று தள்ளிவிட முடியாது. வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோட்டால் இணையுங்கள். உள்ளே மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. 2 புள்ளிக்கு 2 துண்டு, 3க்கு 4, 4க்கு 8, 5க்கு 16. 6க்கு 32 இல்லை, 31.

படம் முதல் உலகப்போர்க் களத்தில் இளம் தத்துவவாதி விட்கென்ஸ்டைனைக் காட்டித் தொடங்குகிறது. எனக்கென்னவோ பிற்கால விட்கென்ஸ்டைன்தான் இந்தக் கதைக்குப் பொருத்தம். அவர் இறந்தபின் 1953இல் வெளியான நூலில், எந்தச் செயலையும் ஏதாவது ஒரு விளக்கத்தால் விதிக்குள் அடக்கிவிடலாமே என்ற சிக்கலைக் கிளப்பியவர் அவர்.

அப்படியானால் 16 நமக்கு ஏன் சரியாகப் படுகிறது? ‘இரட்டிப்பாக்கு’ என்று ஒரே சொல்லில் முடிகிறது, அதனால்தான். ரஷ்யக் கணிதர் கோல்மகோரவ் 1965இல் இதையே அளவுகோலாக்கினார்: ஒரு தொடரை அச்சிடும் மிகக் குறுகிய கணினி நிரலின் நீளமே அது எவ்வளவு சிக்கலானது என்பதன் அளவு. நிரல்மொழியை மாற்றினால் நீளமும் மாறும், ஆனால் அந்த வித்தியாசம் ஒரு நிலையான எல்லையைத் தாண்டாது. கோடி உறுப்புள்ள தொடரில் அது பொருட்டே இல்லை. மூன்றே உறுப்பென்றால் அந்த வித்தியாசமே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எது எளிய விதி என்பது எந்த மொழியில் யோசிக்கிறோம் என்பதைப் பொறுத்தே அமையும். குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு துப்பறிகிறவர் கண்டுபிடிப்பது தனக்கு எளிதாகப் படும் விதியை. கொலையாளியின் விதி அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.