செருப்புக்குச் சிவப்பு வந்த வழி

1939-இல் எம்.ஜி.எம். வெளியிட்ட 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் ஒரு கதவு திறக்கும். அதுவரை எல்லாம் பழுப்பு. சூறாவளி தூக்கிவந்து போட்ட வீட்டின் கதவைக் கதாநாயகி டோரத்தி திறந்ததும் வெளியே பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கண்ணைப் பறிக்கும். பழுப்புச் சுருளையும் கலர்ச் சுருளையும் அந்த இடத்தில் ஒட்டிவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, அந்த ஷாட் முழுக்கவே கலர். வீட்டின் உட்புறத்துக்குப் பழுப்புப் பெயின்ட் அடித்து, டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்டின் டூப்புக்குப் பழுப்பு கவுன் மாட்டி, முதுகு தெரியக் கதவைத் திறக்க வைத்தார்கள். கேமரா வாசலைத் தாண்டும்போது டூப் ஒதுங்கிக்கொள்ள, நீலக் கட்டம் போட்ட கவுனில் ஜூடி வந்து நிற்கிறார்.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அந்தக் கலர் ஷாட்டைப் பிடித்த சுருள்களில் கலரே கிடையாது.

அந்தக் காலத்துக் கலர்ப்பட முறையான டெக்னிகலரின் கேமராவில் ஒரே நேரத்தில் மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்கள் ஓடும். லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டகம். அதன் நடுவே கொஞ்சம் ஒளியை விட்டு, மீதியைத் திருப்பிவிடும் பூச்சு. நேரே போகும் ஒளி பச்சை வடிகட்டியைத் தாண்டி ஒரு சுருளில் விழும். திரும்பிய ஒளிக்காக இரண்டு சுருள்கள் முதுகோடு முதுகாக ஒட்டியிருக்கும்: முன்னது நீலத்தைப் பதியும், பின்னது சிவப்பை. ஆக, கையில் கிடைப்பது ஒரே காட்சியின் மூன்று நெகட்டிவ்கள்.

ஒளியை இப்படிப் பங்கு போட்டால் ஒவ்வொரு சுருளுக்கும் கொஞ்சம்தான் மிஞ்சும். அதை ஈடுகட்ட விளக்குகளைக் குவித்தார்கள். செட்டுக்குள் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிங்கமாக நடித்த பெர்ட் லார் போட்டிருந்ததோ நிஜமான சிங்கத்தோல். பாவம் மனுஷன்.

கலர் வந்தது லேபில். அங்கே நடந்தது கிட்டத்தட்ட அச்சு வேலை. ஒவ்வொரு நெகட்டிவிலிருந்தும் ஜெலட்டின் பூசிய ஒரு படச்சுருள் தயாராகும். அதில் படம் மேடும் பள்ளமுமாக, ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி இருக்கும். மேடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு சாயம் குடிக்கும். சாயமேறிய சுருளை வெற்றுச் சுருளோடு சேர்த்து அழுத்தினால் சாயம் இடம் மாறும். நீல நெகட்டிவின் சுருளுக்கு மஞ்சள், பச்சைக்கு மெஜந்தா, சிவப்புக்கு சயான் என்று மூன்று முறை. பிரின்டரில் இங்க் மாற்றியவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமானவைதான்.

டோரத்தியின் சிவப்புச் செருப்பையே எடுத்துக்கொள்வோம். செருப்பிலிருந்து பச்சை ஒளி ஏறக்குறைய வருவதே இல்லை. ஆகவே பச்சை நெகட்டிவில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். அதிலிருந்து எடுத்த ஜெலட்டினில் அங்கே மேடு தடிக்கும். மெஜந்தாவை வயிறாரக் குடிக்கும். நீலமும் இல்லாததால் மஞ்சள் சாயமும் அப்படியே. சிவப்பு ஒளி மட்டும் தாராளமாக வந்ததால் சயான் சாயத்துக்கு அங்கே வேலையில்லை. மெஜந்தாவின் மேல் மஞ்சள் படிந்தால் சிவப்பு! மூலக்கதையில் அது வெள்ளிச் செருப்பு. இப்படியொரு வசதி கைக்கு வந்தபின் வெள்ளியை யார் சீண்டுவார்கள்?

ஆபத்தும் இதிலேயே இருந்தது. ஆஃப்செட் அச்சகத்தில் 'ரிஜிஸ்டர் விலகிடுச்சு' என்பார்களே, அதேதான். மூன்று சாயங்களில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் முகத்தின் ஓரத்தில் ஒரு கலர்க் கோடு எட்டிப் பார்க்கும். அதனால்தான் அழுத்தும்போது சுருளின் துளைகளை உலோகப் பட்டையிலுள்ள ஊசிகளில் மாட்டிப் பிடித்தார்கள்.

நெகட்டிவில் சாயமே இல்லாததால் நிறம் வெளுத்துப்போகும் கவலை அதற்கில்லை. சாயம் சுருளுக்குள்ளேயே உருவாகும் பிற்கால ஈஸ்ட்மேன்கலர் பிரிண்ட்கள் சிவந்து வீணான கதை இங்கே நடக்கவில்லை. ஆனால் காலப்போக்கில் மூன்று சுருள்களும் மூன்று விதமாகச் சுருங்கின. ரிஜிஸ்டர் மறுபடி விலகியது. 2000-களில் மூன்றையும் தனித்தனியே ஸ்கேன் செய்து, சுருக்கத்தைக் கணக்கிட்டு, கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். டோரத்தியோடு வரும் வைக்கோல் பொம்மையின் முகத்தில் சாக்குத்துணியின் இழை இப்போது எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெரிகிறது.