ஐதீகம்: முதலில் சொன்னது யார்?

ஐதீகம் என்ற சொல்லை நாம் அதிகம் பார்ப்பது கோயில் செய்திகளில்தான். அரூர் பக்கம் தீர்த்தமலையில் பாறையிலிருந்து விழும் தீர்த்தம் ராமர் அம்பு எய்து உண்டாக்கியது என்பது ஐதீகம். இப்படி எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. இது பக்தர்களின் நம்பிக்கை என்று எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். மனிதர்களைப் பற்றி எழுதும்போதுதான் சிக்கல். அதியமான், சுப்பிரமணிய சிவா, வ.உ.சி. என்று நாம் தலைவணங்குகிறவர்களின் வாழ்க்கையில் எது நடந்தது, எது பின்னால் சேர்ந்தது என்று கேட்டால், எல்லாமே உண்மை என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. எல்லாமே கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் இந்தச் சொல்லின் பழைய பொருள் உதவும்.

இன்றைய வழக்கில் ஐதீகம் என்றால் வழிவழியாக வந்த நம்பிக்கை. பழைய நூல்களில் ஐதிகம் என்று குறிலாக இருக்கும். வடமொழியில் ‘ஐதிஹ்ய’. ‘இதி’, ‘ஹ’ என்ற இரண்டு சின்னச் சொற்களிலிருந்து பிறந்தது. சேர்த்துச் சொன்னால் ‘இப்படித்தான்’ என்று பொருள். அதோடு ‘ஆஸ’, அதாவது ‘இருந்தது’ என்பது சேர்ந்தால் இதிகாசம். ஐதீகமும் இதிகாசமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

இது முதலில் தர்க்க நூல்களில் புழங்கிய சொல். ஒரு விஷயம் நமக்கு எப்படித் தெரிய வருகிறது என்று கணக்கிட்ட பழைய அறிஞர்கள் கண்ணால் காண்பது, காரணம் கொண்டு கருதுவது என்று அடுக்கி, அந்த வரிசையில் ஐதிகத்தையும் பேசினார்கள். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் தரும் விளக்கம் மிகவும் கூர்மையானது: முதலில் சொன்னவர் யார் என்று குறிப்பிடப்படாமல் தொடர்ந்து வரும் பேச்சு. இந்த ஆலமரத்தில் ஒரு யட்சன் இருக்கிறான் என்பதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஆனால் ஊரே சொல்கிறது. நியாய மரபினர் இதைத் தனி அளவையாக, அதாவது அறியும் வழியாக, ஏற்கவில்லை. ஒருவர் சொல்லை நம்பி அறிவது என்ற அளவைக்குள் அடக்கிவிட்டார்கள்.

தமிழில் மணிமேகலையின் 27ஆம் காதையில் இது வருகிறது. வஞ்சி நகரில் அளவைவாதி, அதாவது தர்க்கம் பேசுகிறவர், மணிமேகலைக்குச் சொல்லும் பத்து அளவைகளில் ஐதிகமும் ஒன்று. அங்கே யட்சனுக்குப் பதில் பேய். இந்த மரத்தில் பேய் உண்டு என்று உலகத்தார் சொல்வதைக் கொண்டு தெளிவது ஐதிகம்.

ஆக, ஐதீகம் என்பதற்கு முதற்பொருள் பொய் என்பதும் இல்லை, உண்மை என்பதும் இல்லை. நமக்கு அது எந்த வழியில் தெரிந்தது என்பதை மட்டும் சொல்லும் சொல் அது. உண்மையா என்பதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

இந்த வேலையைச் செய்யத் தமிழில் ஒரு சின்ன விகுதி போதும்: ‘ஆம்’. ‘கொடுத்தார்’ என்றால் நடந்தது. ‘கொடுத்தாராம்’ என்றால் அப்படிச் சொல்கிறார்கள். பாட்டி கதை சொல்லும்போது ஒரு ராஜா இருந்தாராம் என்றுதான் தொடங்குவார். எவ்வளவு நேர்மையான தொடக்கம். அதே கதை விழா மலருக்கும் மேடைக்கும் வரும்போது ‘ஆம்’ உதிர்ந்து ‘இருந்தார்’ ஆகிவிடுகிறது. நம் தலைவர்களின் வாழ்க்கையில் கலந்த கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வரலாறு ஆயின என்பது என் கருத்து. வேண்டுமென்றே பொய் சொன்னவர்கள் குறைவு.

தகடூர், அதாவது நம் தர்மபுரி, அதியமான் நெடுமான் அஞ்சியை எடுத்துக்கொள்வோம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது கதையா? இல்லை. முதலில் சொன்னவர் யார் என்று நமக்குத் தெரியும். கனியை வாங்கியவரே சொல்லியிருக்கிறார். புறநானூறு 91ஆம் பாடலில், அரிதில் கிடைத்த சிறியிலை நெல்லியின் இனிய கனியை, அதன் பயனை எனக்குச் சொல்லாமல் உன் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ‘சாதல் நீங்க எமக்கு ஈந்தனையே’ என்று அவரே பாடுகிறார். சிறுபாணாற்றுப்படையும் ஔவைக்கு நெல்லி ஈந்த அதிகன் என்று நினைவுகூர்கிறது. கொடுத்தார்; ‘ஆம்’ வேண்டாம்.

அந்தக் கனியைத் தின்றதால் ஔவை பல நூறு ஆண்டு வாழ்ந்து ஆத்திசூடியும் பாடினார் என்பது வேறு. பாடலில் அது இல்லை. சங்க கால ஔவையும் ஆத்திசூடி பாடிய ஔவையும் வேறு வேறு காலத்தவர்கள். ஒரே பெயரில் பல புலவர்கள் இருந்ததை ஒரே ஆயுளாக்க நெல்லிக்கனி கைகொடுத்திருக்கிறது. வாழ்ந்தாராம் என்று எழுதலாம்.

இன்னும் நுட்பமான ஓர் இடம் உண்டு. புறநானூறு 99இல் அஞ்சியின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்ததாக ஔவை பாடுகிறார். கனியைப் பற்றிப் பேசியபோது அவர் நேரில் கண்ட சாட்சி. கரும்பைப் பற்றிப் பேசும்போது அவரும் நம்மைப் போலக் கேட்டதைச் சொல்கிறவர். ஒரே புலவர், ஒரே அரசன், ஆனால் சாட்சியின் தரம் வேறு. பாடலில் ‘கரும்பு இவண் தந்தும்’ என்றுதான் இருக்கிறது. எங்கிருந்து என்று இல்லை. விண்ணுலகிலிருந்து என்பது உரையில் வந்து சேர்ந்தது.

அப்புறம் கல். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981இல் வெளிவந்த தமிழ் பிராமிக் கல்வெட்டு ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்கிறது. பாளி என்றால் தங்குமிடம். அசோகர் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் இதில் விடை கிடைத்தது. அஞ்சி என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு இனிப் பாட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

காலத்தால் நமக்கு மிக அருகில் இருக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கு வருவோம். வத்தலகுண்டில் 1884இல் பிறந்து, பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று மறைந்தவர். சிறையும் தொழுநோயும் தின்ற அந்த உடம்போடு ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். அவருக்குக் கதை எதையும் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. பாப்பாரப்பட்டியில் பாரதமாதா கோயிலை அவர் கட்டினார் என்று சொல்வார்கள். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார், சிவாவின் ஆயுளில் கோயில் எழும்பவில்லை என்பதே நடந்தது. நிறைவேறாத அந்தக் கனவைச் சொல்வதில் அவருக்கு என்ன குறை வந்துவிடும்? இணையத்தில் அவர் பெயரில் யாராவது ஒரு வாசகத்தைப் போட்டால், எந்த ஆண்டு, எந்த இதழ் என்று கேட்கலாம். அவர் 1913இல் ஞானபானு என்ற இதழையே தொடங்கி நடத்தியவர்.

அவரோடு கைதான வ.உ.சி.க்குக் கப்பல் ஓட்டியதற்காக இரட்டை ஆயுள் தண்டனை என்பதும் பரவலான பேச்சு. 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே கொடுத்த தீர்ப்பில் ஓர் ஆயுள் தண்டனை அரச நிந்தனைப் பேச்சுக்கு, இன்னொன்று சிவாவுக்குத் துணை நின்றதற்கு. கப்பல்தான் ஆங்கிலேயரின் ஆத்திரத்துக்கு வேர் என்று வாதிடலாம், அது நியாயமான வாதமும்கூட. ஆனால் அது நம் கணிப்பு; தீர்ப்பின் வாசகம் வேறு. நண்பனுக்குத் தோள் கொடுத்ததற்கு ஓர் ஆயுள் தண்டனை என்பது எனக்குக் கப்பல் கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

சரி, ஐதீகத்துக்குத் தமிழில் என்ன எழுதலாம்? வாழ்ந்த மனிதரைப் பற்றியது என்றால் வழிவழிச் செய்தி அல்லது செவிவழிச் செய்தி. கர்ணபரம்பரை என்று முன்பு எழுதியதும் இதைத்தான். கர்ணம் என்றால் காது. தெய்வங்கள், உலகத் தோற்றம் பற்றிய கதை என்றால் தொன்மம். இது இக்காலத்தில் நிலைத்த சொல். ஆனால் இதற்கு வேரான தொன்மையைத் தொல்காப்பியம் செய்யுளின் வனப்புகளில் ஒன்றாகச் சொல்லி, ‘உரையொடு புணர்ந்த பழமை’ என்று விளக்குகிறது. அங்கே பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, அதியமானின் கோட்டை வீழ்ந்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை. கட்டுக்கதை என்ற சொல்லைப் பொய் என்று நிறுவிய பிறகுதான் எடுக்க வேண்டும். வரலாறு என்பது வந்த வழி. சான்று இருக்கும் இடத்துக்கே அது பொருந்தும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்ப்புறங்களில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். வேடியப்பன் யார் என்று கேட்டால் ஊருக்கு ஒரு கதை வரும். கல்லில் எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் வட்டெழுத்தில் இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு என்று தொடங்கி, இன்னான் தொறு மீட்டுப் பட்டான் என்று முடியும். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். ஊர்க்கதையையும் கல்லின் வாசகத்தையும் ஒரே தாளில், கதைக்கு மட்டும் ‘ஆம்’ போட்டு எழுதிவைக்கலாம். கதை சொன்னவரின் ஊரையும் கேட்ட தேதியையும் அதில் சேர்த்தால், அது எப்போது, எந்த ஊரில் சொல்லப்பட்டது என்பதாவது அடுத்துத் தேடி வருகிறவருக்குக் கிடைக்கும்.