ஒரு சாண் தூரத்தில் மைக்

புதிதாக வாங்கிய குரல் ரெக்கார்டரை முக்காலியில் வைத்துவிட்டு, ஆச்சியைக் கட்டிலில் உட்காரச் சொன்னேன். ஆச்சிக்கு 84 வயது. "எய்யா, பாடட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத் தாலாட்டை ஆரம்பித்தாள். பன்னிரண்டு நிமிடம் பாடினாள். அவள் குரலைத் தவிர அந்த அறையில் வேறு எதுவும் என் காதில் விழவில்லை. ராத்திரி ஹெட்போன் மாட்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது, பதிவில் முதலில் கேட்பது மின்விசிறி. அப்புறம் தெருவில் போகும் மோட்டார் சைக்கிள், அடுப்படியில் குக்கர் விசில். அத்தனைக்கும் பின்னால், கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல ஆச்சி.

ரெக்கார்டரில் ஒரு கோளாறும் இல்லை. அறையில் இருந்த சத்தத்தை அது அப்படியே எழுதி வைத்திருந்தது. அதே சத்தம் என் காதுக்குள்ளும் போயிருக்கிறது, ஆனால் என் மூளை அதைத் தள்ளிவிட்டது. கல்யாண வீட்டில் மேளச் சத்தத்துக்கு நடுவே யாரோ நம் பேரைச் சொன்னால் சட்டென்று திரும்புகிறோம் இல்லையா, அதே திறமைதான். காலின் செர்ரி என்ற ஆய்வாளர் 1953-லேயே இதைச் சோதித்து எழுதினார். இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் பலத்தின் வித்தியாசத்தையும் வைத்து, எது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. வேண்டியதை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு மற்றதைப் பின்னால் தள்ளுகிறது. மைக்குக்கு அந்த வேலை தெரியாது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால், ரெக்கார்டரை எப்படி அமைப்பது, எங்கே வைப்பது என்பதெல்லாம் தானாக விளங்க ஆரம்பிக்கும்.

ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம். அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1,01,325 பாஸ்கல். ஒருவர் நம் எதிரே ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து சாதாரணமாகப் பேசும்போது, அந்த அழுத்தம் ஏறி இறங்குவது கிட்டத்தட்ட 0.02 பாஸ்கல்தான். அதாவது 50 லட்சத்தில் ஒரு பங்கு. ஆச்சி பாடிய தாலாட்டு முழுவதும் அந்த ஒரு பங்குக்குள் அடக்கம்.

அதை உணர்வதற்காக ரெக்கார்டருக்குள் இருப்பது சட்டைப் பித்தான் அளவுள்ள ஒரு குப்பி. அதன் முகப்பில், சில மைக்ரான் தடிமனில், மிக மெல்லிய ஒரு சவ்வு. அதற்குப் பின்னால் மயிரிழை இடைவெளி விட்டு ஓர் உலோகத் தகடு. காந்தத்தில் காந்தசக்தி நிலையாகத் தங்கியிருப்பதுபோல, சில பிளாஸ்டிக் வகைகளில் மின்னூட்டத்தை நிலையாகத் தங்கவைக்க முடியும். அப்படிப்பட்ட பொருளுக்கு எலெக்ட்ரெட் என்று பெயர். இந்தக் குப்பிக்குள் இருப்பதும் அதுதான். சவ்வு அதிரும்போது தகட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறுகிறது, அதோடு சேர்ந்து மின்னழுத்தமும் மாறுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இரண்டு பேர் 1962-ல் இந்த வகை மைக்கை உருவாக்கினார்கள். மைக் மலிவாகி, சட்டைப்பையில் அடங்கும் கருவிகளுக்குள் வந்து உட்கார்ந்ததற்கு அந்தக் கண்டுபிடிப்பு ஒரு பெரிய காரணம்.

மைக்கிலிருந்து வருவது தொடர்ந்து வளைந்து நெளியும் ஒரு மின் அலை. மெமரி கார்டு சேமிப்பதோ எண்களை. அதனால் ஒரு சில்லு அந்த அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதுகிறது. எத்தனை தடவை அளந்தால் போதும் என்பதற்குக் கணிதத்தில் தெளிவான பதில் உண்டு. நைக்விஸ்ட் என்ற பொறியாளர் 1928-ல் அடித்தளம் போட்டு, ஷானன் என்ற கணிதவியலாளர் 1949-ல் நிறுவிக் காட்டியது அது: அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால், அந்த எண்களை வைத்தே மூல அலையைத் திரும்ப வரைந்துவிடலாம். மனிதக் காதுக்கு மேல் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 அதிர்வு. ஆக 40,000-க்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும்.

அப்படியானால் 44,100 என்ற விநோதமான எண் எங்கிருந்து வந்தது? ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியைப் பதிவதற்கு வீடியோ டேப்தான் இருந்தது. டிவிப் படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று எண்களை எழுதினார்கள். அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையில் ஒரு புலத்தில், அதாவது படத்தின் ஒரு பாதியில், இதற்குப் பயன்பட்டவை 245 கோடுகள், நொடிக்கு 60 புலங்கள். 3 × 245 × 60 போட்டுப் பாருங்கள், சரியாக 44,100 வரும். ஐரோப்பிய முறையில் 3 × 294 × 50, அங்கேயும் அதே விடை. 1982-ல் சிடி அந்த எண்ணையே சுவீகரித்துக்கொண்டது. வீடியோ டேப் போய்விட்டது. அதன் கோடுகளின் கணக்கு இன்னும் நம் ரெக்கார்டர் மெனுவில் உட்கார்ந்திருக்கிறது.

மெனுவில் அடுத்து வருவது பிட். 16 பிட் என்றால் அலையின் உயரத்தைக் குறிக்க 65,536 படிகள். 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். பேச்சுக்கும் பாட்டுக்கும் 16 பிட்டே தாராளம். ஆனால் 24 பிட்டில் ஒரு வசதி: ஒலி அளவைத் தாழ்வாக வைத்துப் பதிந்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் உயர்த்திக்கொள்ளலாம், இரைச்சல் அவ்வளவாக ஏறாது. இது முக்கியம். ஏனென்றால் 16 பிட், 24 பிட் பதிவில் மேல் எல்லை கறாரானது. திரையில் பூஜ்யம் டெசிபல் என்று காட்டுகிறதே, அதைத் தாண்டிய அலைக்கு எழுத எண்ணே கிடையாது. அலையின் தலை மொட்டையாக வெட்டப்பட்டு, கேட்கும்போது கரகரவென்று கிழியும். அந்த இழப்பை எந்த மென்பொருளாலும் முழுசாகத் திருப்பித் தர முடியாது. அதனால் பாடுகிறவரை ஒரு தடவை நன்றாகக் குரலெடுத்துப் பாடச் சொல்லி, மீட்டரில் உச்சம் -12 பக்கம் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி அளவு என்று ஒரு வசதி இருக்கும். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் பாடுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் 'சத்தம் குறைந்துவிட்டது' என்று எண்ணிக்கொண்டு அது மின்விசிறியைத் தூக்கிக் கொடுக்கும். தாலாட்டில் வரிக்கு வரி இடைவெளி உண்டு. அந்த இடங்களிலெல்லாம் இரைச்சல் பொங்கிப் பொங்கி அடங்கும்.

குரல் கேட்டால் மட்டும் ஓடும் தானியங்கிப் பதிவையும் அணைத்துவிடுங்கள். சத்தம் வந்தபிறகுதான் அது விழிக்கும், அதற்குள் முதல் எழுத்து போயிருக்கும். 'அம்மா' என்று சொன்னது 'மா' என்று பதியும்.

எந்த வடிவத்தில் சேமிப்பது? வேவ் என்றால் அளந்த எண்கள் அப்படியே இருக்கும். நொடிக்கு 44,100 அளவு, 16 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி. எம்பி3 காதுக்கு அதிகம் தெரியாது என்று தான் கணிக்கும் ஒலிகளைத் தள்ளிவிட்டு, 128 கிலோபிட் வேகத்தில் அதே ஒரு மணி நேரத்தை 58 எம்பிக்குள் அடக்கும். கூட்டக் குறிப்புக்கும் வகுப்புப் பாடத்துக்கும் எம்பி3 போதும். ஒரு தாலாட்டையோ ஒப்பாரியையோ ஊர்ப் பேச்சையோ பதிகிறீர்கள் என்றால் வேவ்தான் என்பது என் உறுதியான எண்ணம். 32 ஜிபி கார்டில் ஸ்டீரியோ வேவ் 50 மணி நேரம் அடங்கும்போது சிக்கனம் பிடிக்கத் தேவையே இல்லை.

இதில் தமிழுக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. 'பழம்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'ழ' வரும்போது நாக்கு மேலெழுந்து பின்னோக்கி வளைகிறது. வாய்க்குள் உள்ள காற்றறையின் வடிவம் மாறுகிறது, அதன் ஒத்ததிர்வுகளில் மூன்றாவது வழக்கத்தைவிடக் கீழே இறங்கி 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்துவிடுகிறது. 'ல', 'ள' இரண்டுக்கும் அந்த அமைப்பு வேறு. குரலின் அடிப்படைச் சுருதி நூறு இருநூறு ஹெர்ட்ஸில் இருக்கிறது, ஆனால் எழுத்துக்கு எழுத்து உள்ள வேற்றுமை பெரும்பாலும் ஆயிரங்களில்தான் இருக்கிறது. 'ஸ' போன்ற சீறும் ஒலிகள் 4,000-க்கு மேலேயும் போகும். பழைய தொலைபேசி 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. போனில் பேரைச் சொன்னால் "என்ன எழுத்து, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டியிருந்தது அதனால்தான். ரெக்கார்டரில் 'நீண்ட நேரம்' என்று ஆசை காட்டும் மிகக் குறைந்த தரத்தைத் தேர்ந்தெடுத்தால், மேலே உள்ள இந்தச் சீறல்கள்தான் முதலில் வெட்டுப்படும்.

மற்ற ஏற்பாடுகள் சீக்கிரம் முடிந்துவிடும். முதலில் தேதியும் நேரமும். ஃபைலின் பெயரே பெரும்பாலும் தேதியிலிருந்து வருகிறது. பேட்டரியை ரொம்ப நாள் கழற்றி வைத்தால் கடிகாரம் பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடும். அடுத்து பேட்டரி வகை. சாதாரண ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் செல் 1.2 வோல்ட். எதைப் போட்டிருக்கிறோம் என்று மெனுவில் சொல்லாவிட்டால் மீதி எவ்வளவு என்று தப்பாகக் காட்டும். மெமரி கார்டை அந்த ரெக்கார்டரிலேயே ஒரு தடவை ஃபார்மேட் செய்யுங்கள். செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள். 2ஜியில் போன் கோபுரத்தோடு பேசும்போது நொடிக்குச் சுமார் 217 துடிப்பாக அலை அனுப்புகிறது, அது மைக் சுற்றுக்குள் புகுந்து 'டிட்டிட்டிட்' என்று பதியும்.

இனி நான் கோட்டைவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். தூரம்.

எண்சாண் உடம்பு என்பார்களே, அன்று ஆச்சியின் வாய்க்கும் முக்காலிக்கும் நடுவே அந்த எட்டுச் சாண் இருந்தது. ஆறடி. திறந்த வெளியில் தூரம் பாதியானால் நேரடி ஒலியின் அழுத்தம் இரண்டு மடங்காகும், டெசிபல் கணக்கில் 6 கூடும். எட்டுச் சாணை நாலாக்கினால் 6, நாலை இரண்டாக்கினால் இன்னொரு 6, இரண்டை ஒன்றாக்கினால் மேலும் ஒரு 6. மொத்தம் 18 டெசிபல், அழுத்தத்தில் எட்டு மடங்கு. மின்விசிறி தலைக்கு மேலே கூரையில் இருக்கிறது, ரெக்கார்டரை நகர்த்தியதால் அதன் சத்தம் பெரிதாக மாறாது. இப்போது குரல் எட்டு மடங்கு வந்துவிட்டதால் பதிவு அளவை அதற்கேற்பக் குறைத்துவிடலாம். குறைக்கும்போது மின்விசிறியும் சேர்ந்து கீழே போகும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அப்படித்தான். கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல ஆச்சி கேட்டதற்குக் காரணம் அதுவே. எட்டுச் சாண் தள்ளி நேரடிக் குரலைவிடச் சுவரின் குரல் ஓங்கியிருந்தது. விலை கூடிய ரெக்கார்டர் வாங்கியிருந்தாலும் இது மாறியிருக்காது. ஒரு சாணுக்கு நகர்த்தினால் மாறும்.

ஆனால் வாய்க்கு நேர் எதிரே வைக்கக் கூடாது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பாப்பா' என்று சொன்னால் காற்று வந்து இடிப்பது தெரியும். அது மைக் சவ்வில் பட்டால் 'பொக்' என்று பதியும். அதனால் கொஞ்சம் பக்கவாட்டில், தாடைக்குக் கீழே. கூடவே பஞ்சு உறையைப் போட்டுவிடுங்கள். வெளியில் காற்றடிக்கும் இடமானால் பஞ்சு போதாது, பூனைமுடி போன்ற ரோம உறை வேண்டும். மேஜையில் நேரடியாக வைத்தால் யாராவது டம்ளரை வைத்தாலும் இடி விழுந்ததுபோல் கேட்கும், ஆகையால் கீழே ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். மெனுவில் கீழ் ஒலிகளை வெட்டும் வடிப்பான் இருக்கும். அதை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் தரை அதிர்வும், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் நன்றாகவே குறையும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். இந்தத் தடவை கூடத்தில் வேண்டாம் என்று பாயும் தலையணையும் அடுக்கியிருந்த உள்ளறை. துணியும் பஞ்சும் எதிரொலியை விழுங்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆச்சிக்குப் பனையோலை விசிறியால் முன்கூட்டியே கொஞ்சம் வீசிவிட்டேன். புத்தகங்களை அடுக்கி, மேலே துண்டை மடித்துப் போட்டு, நெஞ்சு உயரத்துக்கு ரெக்கார்டர். கையால் அளந்தே ஒரு சாண். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், ஏனென்றால் மைக் கேட்பதை அப்போதே கேட்க அது ஒன்றுதான் வழி. முதலில் தேதி, ஊர், பாடுகிறவர் பேர், யாரிடம் கற்றது என்பதை ஆச்சியையே சொல்ல வைத்தேன். பாடி முடிந்தபின் அரை நிமிடம் யாரும் பேசாமல் ஓடவிட்டேன். அந்த வெறும் அறைச் சத்தத்தை மாதிரியாகக் காட்டினால்தான் மென்பொருளுக்கு எதை நீக்குவது என்று தெரியும். பிறகு நிறுத்தும் பொத்தான், விளக்கு அணையும் வரை காத்திருப்பு. ஃபைலின் மொத்த நீளம் அதன் தலைப்பகுதியில் எழுதப்படுவது கடைசியில்தான், அதற்குள் பேட்டரியைப் பிடுங்கினால் முழுப் பதிவும் திறக்காமல் போகலாம்.

அன்று ராத்திரி கேட்டபோது ஆச்சி என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. வரிக்கு நடுவே அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

முதல் பதிவை அழித்துவிடலாம் என்று நினைத்து, கடைசியாக ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தில் இறக்கினேன். மின்விசிறிச் சத்தத்துக்குப் பின்னால், ஏழாவது நிமிடத்தில், மாமன் கொண்டுவரும் கிலுகிலுப்பையைப் பற்றி இரண்டு வரி இருந்தது. இரண்டாவது பதிவில் அது இல்லை. போனில் ஆச்சியைக் கேட்டேன். "அப்படியா பாடுனேன்? எனக்கு ஞாபகம் இல்லையே எய்யா" என்றாள். இரண்டு ஃபைலும் இப்போது லேப்டாப்பிலும், அக்கா வீட்டு ஹார்ட் டிஸ்கிலும் இருக்கின்றன.