எட்டு சதவீதம் என்றால் சுத்தம் என்று அர்த்தமா?

"பத்துக்குள்ள வந்துருச்சு சார், அனுப்பிடட்டுமா?" கும்பகோணத்திலிருந்து நாங்கள் நடத்தும் ஆய்விதழுக்கு அடிக்கடி வரும் போன் இது. கருத்துத் திருட்டைத் தடுக்க 2018-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிகளில், கட்டுரை பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. அதையே அனுமதிச் சீட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தச் சதவீதத்தைக் கணக்கிட்டு ரிப்போர்ட் தரும் மென்பொருள், கருத்துத் திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. எந்தச் சொற்கள் வேறெங்கோ இருக்கின்றன என்று மட்டும் காட்டுகிறது. படித்துப் பார்க்க வேண்டியது நாம்தான்.

சில வருடங்களுக்கு முன் நாகப்பட்டினம் கடைமடையில் நிலம் உவர்ப்பாவது பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வந்தது. ரிப்போர்ட்டில் 8 சதவீதம். படிக்க உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் கடைமடையைக் குறிக்கும் 'டெயில் எண்ட்' என்ற தொடர் மாட்டு வாலைக் குறிப்பதுபோல மாறிக் கிடந்தது. டெல்டாவில் பிறந்த எவரும் அப்படி எழுத மாட்டார்கள். அடுத்த பத்தியில் காவிரிக்கு நடுவே ஒரு 'விஜயவாடா'. கிருஷ்ணா டெல்டா பற்றிய பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, ஊர்ப் பெயர்களை மாற்றி, சொல் மாற்றும் மென்பொருளில் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வாதத்தின் வரிசை, அட்டவணையின் தலைப்புகள், முடிவுரை எல்லாம் ஒன்றே.

இந்த இடத்தில் ஆசிரியர் குழு நிதானம் இழக்கக் கூடாது. போனில் திட்டுவதோ வாட்ஸ்அப்பில் பெயரைப் போடுவதோ தவறு. ஒத்துப்போகும் பத்திகளை இணைத்து, விளக்கம் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்ப வேண்டும். இதழாசிரியர்களுக்கு வழிகாட்டும் 'கோப்' அமைப்பு சொல்லும் முறையும் இதுதான். பதில் சரியில்லை என்றால் நிராகரித்து, தேவைப்பட்டால் அவருடைய நிறுவனத்துக்கும் தெரிவிக்கலாம். அச்சான பிறகு தெரியவந்தால் இணையத்திலிருந்து சத்தமில்லாமல் தூக்கிவிடக் கூடாது. காரணத்தைச் சொல்லித் திரும்பப்பெறும் அறிவிப்பு போட வேண்டும். இல்லையென்றால் அதை மேற்கோள் காட்டியவர்களுக்கு விஷயமே தெரியாது.

அந்தக் கட்டுரையை எழுதிய மாணவர் நேரிலேயே வந்தார். வீட்டில் முதல் பட்டதாரி. நெறியாளர் பெயரும் கட்டுரையில் இருந்தது, ஆனால் அவர் அதைப் படிக்கவே இல்லை. எனக்கு அதில்தான் அதிகக் கோபம். மாணவர் தன் குறிப்பு நோட்டைக் காட்டினார். இரண்டு வருடக் குறிப்புகள், எல்லாம் ஒரே நீல மையில். எது படித்தது, எது தானே யோசித்தது என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. கடைசியில் 'சதவீதம் குறைத்துத் தரப்படும்' என்று போர்டு வைத்த கடையில் காசு கொடுத்திருக்கிறார்.

அவரிடம் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். அடுத்தவர் வரியை எழுதினால் அப்போதே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போடுங்கள். சொந்த எண்ணத்தை வேறு மையில் எழுதுங்கள். வரைவு எழுதும்போது மூலத்தை மூடி வையுங்கள். சுவடி கொடுத்து உதவியவர்களை முகவுரையில் பெயர் சொல்லி நினைத்த உ.வே.சா. பாடம் நடத்திய ஊர் இது.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது தனியாக இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரைக்கு ரிப்போர்ட் பூஜ்யம் காட்டலாம். மென்பொருளுக்கு அந்த எழுத்துகள் யுனிகோடு தமிழாகத் தெரிவதில்லை. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துச் சொந்தமாகக் காட்டுவதும் பெரும்பாலும் சிக்காது. அதனால் தமிழ்க் கட்டுரைகளை யுனிகோடில்தான் வாங்குகிறோம், துறை தெரிந்த ஒருவர் முழுதாகப் படிக்கிறார். அப்புறம், ஏற்கனவே அச்சான சொந்தக் கட்டுரையைத் தலைப்பு மாற்றி அனுப்புவதும் தவறுதான்.

அந்த மாணவர் மறுவருடம் வேதாரண்யம் பக்கம் தானே மண் எடுத்து, அளந்து எழுதிய கட்டுரையை அனுப்பினார். ரிப்போர்ட் 19 என்றது. மேற்கோள் பட்டியல், மூலம் குறிப்பிட்ட ஆய்வு முறை விவரங்கள் ஆகியவற்றைக் கழித்தால் 4. வரி வரியாகப் படித்தேன். அடுத்த இதழிலேயே போட்டோம்.