துவாய் மடித்த கை

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் குருவானவர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். அதற்கான பேசினைத் துலக்கி, வெள்ளைத் துவாய்களைத் தோய்த்து, ஒரே அளவாக மடித்து அடுக்குவது பத்து வருடங்களுக்கும் மேலாக ஓர் அக்காவின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்று அவர் வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார். ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், எல்லாம் சரி. டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டோடு என்னிடம் வந்தார்.

நான் திருகோணமலையில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். இங்கே நான் எழுதும் ஆட்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒருவர் கதையில் இன்னொருவரின் துண்டும் கலந்திருக்கும்.

அந்த அக்கா ஒரு நாளைக்கு என்னென்ன செய்கிறார் என்று கேட்டேன். சொல்லி முடிக்கவே அரை மணித்தியாலம் போனது. கோயில் அயலவர்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்குத் தேத்தண்ணி, செத்த வீட்டுக்குச் சாப்பாடு, பாடகர் குழு, படுக்கையில் கிடக்கும் மாமி, வெளிநாட்டில் இருக்கும் தங்கையின் பிள்ளைகள். "ஒரு நாள் ஏலாது என்று சொன்னால் என்ன நடக்கும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. கைப்பையின் சிப்பை இழுத்து இழுத்து மூடினார். பிறகு, "ஏலாதெண்டு சொன்னா, பிறகு ஆர் மிஸ் என்னைத் தேடுவினம்?" என்றார்.

அவர் செய்த அத்தனையும் நல்ல காரியம். ஆனால் அதில் பாதிக்கு மேல் வாடகைக் காசு. தான் இந்த ஊரில், இந்தக் கோயிலில் இருப்பதற்கு மாதா மாதம் கட்டுகிற வாடகை. ஒரு மாதம் தவறினால் சாமானை வெளியே எறிந்துவிடுவார்கள் என்ற பயத்தில் வாழ்பவருக்கு எப்படி நித்திரை வரும்?

இப்படியானவர்களைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் ஊரே அவர்களைப் புகழும். நான் பார்ப்பது உதவி செய்து முடித்த பிறகு வருகிற கோபத்தைத்தான். வெளியில் சிரித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டி பானையை டொங்கென்று வைப்பார்கள். நன்றி சொல்லாதவர்களின் பட்டியல் தேதியோடு மனதில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சும்மா இருந்தால் குற்றவுணர்வு குத்தும். (உப்புவெளிக் கரையில் காற்று வாங்கப் போய் எவ்வளவு காலம் என்று கேட்டால், "எனக்கெங்க மிஸ் நேரம்" என்பார்கள். நகரத்துக்குள் திரிகிற மான்களுக்கு இருக்கிற நிம்மதிகூட அவர்களுக்கு இல்லை.)

நானாக வேதாகமத்தைத் திறப்பதில்லை. என்னிடம் இந்துக்கள் வருகிறார்கள், முஸ்லிம்கள் வருகிறார்கள், சிங்களவர்களும் வருகிறார்கள். ஒருவர் தன் விசுவாசத்தைத் தானே மேசையில் வைத்தால் மட்டும் அதையும் சேர்த்துப் பேசுவேன். அக்கா வைத்தார். "அன்பு செய்யச் சொல்லித்தானே மிஸ் ஆண்டவர் சொன்னவர்?"

சரி, அப்படியென்றால் அந்த இடத்தையே வாசிப்போம் என்றேன். யோவான் 13. நாம் எல்லோரும் நேரே துவாய்க்கும் தண்ணீருக்கும் போய்விடுகிறோம். அதற்கு முன் ஒரு வசனம் இருக்கிறது. தந்தை எல்லாவற்றையும் தன் கையில் தந்திருக்கிறார், தான் கடவுளிடமிருந்து வந்தவர், அவரிடமே திரும்பிப் போகிறவர் என்பது இயேசுவுக்குத் தெரிந்திருந்தது என்கிறது அது. அந்தத் தெளிவோடுதான் அவர் எழும்பி, மேலாடையைக் கழற்றி வைத்து, துவாயை இடுப்பில் கட்டுகிறார். குனிந்தால் மரியாதை போய்விடும் என்ற பயம் அவருக்கு இல்லை, குனிந்து மரியாதை தேடவேண்டிய தேவையும் இல்லை. பவுல் கலாத்தியருக்கு எழுதியதிலும் இதே வரிசைதான். 5ஆம் அதிகாரம் 13ஆம் வசனம். பழைய மொழிபெயர்ப்பு 'சுயாதீனம்' என்கிறது, கத்தோலிக்கர் வாசிப்பது 'உரிமை வாழ்வு' என்கிறது. முதலில் விடுதலை, அதற்குப் பிறகே ஒருவருக்கொருவர் ஊழியம். அந்த ஊழியத்துக்குப் பவுல் போட்ட கிரேக்க வினைச்சொல்லுக்கு அடிமையாய் உழைப்பது என்று பொருள். விடுதலையானவனைப் பார்த்து அடிமை வேலை செய் என்கிறார். ஏற்கனவே பயத்துக்கு அடிமையாய் இருப்பவரிடம் இந்த இரண்டாம் பாதியை மட்டும் பிரசங்கித்தால் என்ன ஆகும்? நித்திரை இல்லாமல் என்னிடம் வருவார்.

இன்னொருவர், நிலாவெளிப் பக்கம் கடற்றொழில் செய்பவர். 2004 மார்கழி 26 காலை, தம்பி கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தான், இவர் மேட்டுப் பக்கம் நின்றார். அலையைக் கண்டு திரும்பிப் பாராமல் ஓடினார். தம்பி வரவில்லை. அன்றிலிருந்து அவர் யாருக்கும் ஏலாது என்று சொன்னதில்லை. மூன்று பேரின் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைத்தார். இரண்டு பேர் கட்டாமல் விட்டார்கள். வீட்டுக்குக் கடன்காரர் வரத் தொடங்கியதும் மனைவிதான் அவரை இழுத்துக்கொண்டு வந்தார். "நான் தப்பினனான். அதுக்குக் கட்டத்தானே வேணும்" என்றார்.

அவர் தினமும் வேதம் வாசிப்பவர். எந்தப் பகுதி மனதில் நிற்கிறது என்று கேட்டதும் கொலோசெயர் இரண்டாம் அதிகாரத்தைச் சொன்னார். நமக்கு எதிரான கடன் பத்திரத்தைக் கிறிஸ்து சிலுவையில் ஆணியடித்து இல்லாமல் செய்துவிட்டார் என்கிற இடம். சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். "அப்ப, பத்திரம் இல்லையெண்டால் நான் ஆருக்குக் கட்டிக்கொண்டிருக்கிறன்?"

இருபது வருடத் துக்கம் ஒரு வசனத்தில் கரைந்துவிடாது. தம்பிக்காக அழ அவருக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன. ஆனால் நான்காவது ஆள் பிணை கேட்டு வந்தபோது மாட்டேன் என்றார். அந்த ஆளை விட்டுவிடவும் இல்லை. வேலையை ஒரு நாள் நிறுத்தி, கடன் கொடுத்த இடத்துக்குக் கூடவே போய், தவணையைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மூன்று கையெழுத்தைவிட இந்த ஒரு நாள் பெரிய உதவி என்று எனக்குப் படுகிறது.

ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். அடிக்கிற புருஷனோடு இருக்கும் பெண்ணிடம், "பொறுத்துக்கொள், அது உன் சிலுவை" என்று சொல்கிறவர்கள் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். மன்னிப்பது வேறு, அடி வாங்கிக்கொண்டிருப்பது வேறு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அதேபோல, இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை, பசி, விருப்பம் எல்லாம் போய்விட்டதென்றால் செபம் குறைந்துவிட்டது என்று உங்களையே அடிக்காதீர்கள். வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுத்துப் பேசுங்கள்.

அக்காவுக்கு நான் கொடுத்த வீட்டுவேலை சின்னது. கிழமைக்கு ஒரு நல்ல காரியம், யாருக்கும் தெரியாமல். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்ற மத்தேயு கணக்கு. முதல் கிழமை வந்து, "செய்தனான் மிஸ், ஆனா தங்கச்சிக்குச் சொல்லிப்போட்டன்" என்றார். இருவரும் சிரித்தோம். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் 'ஆன்மப் பயிற்சிகள்' நூலின் தொடக்கத்திலேயே மானத்தையும் அவமானத்தையும் ஒரே மனதோடு ஏற்கும் சுதந்திரம் பற்றி வருகிறது. இயேசு சபைக் குருமார் நெடுங்காலம் பணி செய்த ஊர் இது, அந்தப் பேச்சு அக்காவுக்குப் புதிதல்ல. கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். நான்காம் கிழமைதான் அவர் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த பெரிய வியாழனுக்குப் பங்குத்தந்தை, கால் கழுவப்படுகிறவர்களாகப் பெண்களையும் கூப்பிட்டார். முன்பு அந்தச் சடங்கு ஆண்களுக்கு மட்டும் என்றிருந்தது, 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் அதை மாற்றினார். அக்காவின் பெயரும் பட்டியலில் இருந்தது. மாட்டேன் என்று இரண்டு நாள் நின்றார். "பேதுருவும் இதைத்தான் சொன்னவர்" என்று மட்டும் சொன்னேன். இயேசு காலைக் கழுவ வந்தபோது அந்தச் சீடரும் முதலில் மாட்டேன் என்றார். துவாய் வேலையைப் பெடியள் எடுத்தார்கள்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து வந்தார். எப்படி இருந்தது என்றேன்.

"தண்ணி குளிர் மிஸ். காலை இழுத்துப்போட்டன். ஃபாதர் விடேல்ல, பிடிச்சுக் கழுவினார்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "துவாய் ஒண்டும் ஒழுங்கா மடிச்சிருக்கேல்ல. ஆனா நான் ஒண்டும் சொல்லேல்ல."