செப்புக் கவசம் ஈயத்தைத் தடுக்காது: தோட்டா மீள்நிரப்புவோருக்கு ஒரு மருத்துவரின் வேண்டுகோள்

"நான் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பதே இல்லை, டாக்டர். செப்புக் கவசமிட்ட போட்டிக் குண்டுகளைத்தான் வாங்கிப் பொருத்துகிறேன். எனக்கு எப்படி ஈயம் ஏறும்?" இரத்தத்தில் ஈய அளவு டெசிலிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டிவிட்டதாகச் சொல்லும் அறிக்கையை என் மேசைமீது வைத்துவிட்டு, தொலைதூர இலக்குச் சுடுதலில் ஈடுபட்டிருக்கும் ஒருவர் அண்மையில் மீண்டும் இந்தக் கேள்வியைக் கேட்டார். தொழில்சார் நோய் மருத்துவத்தில் இருப்பதால், பேட்டரி ஆலைகளிலும் பழைய பெயின்ட்டைச் சுரண்டும் பணியிலும் இருப்பவர்களிடம் இத்தகைய எண்களைப் பார்த்துப் பழகியிருக்கிறேன். அவர்களுக்காவது எச்சரிக்கைப் பலகையும் கட்டாயப் பரிசோதனையும் உண்டு. பொழுதுபோக்காகத் தோட்டா நிரப்புகிறவருக்கு, அதாவது சுட்ட பித்தளை உறையில் புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை மீண்டும் பொருத்துகிறவருக்கு, அப்படி எதுவும் இல்லை. வெடிமருந்தை, கிரெய்ன் என்ற சிறு எடை அலகில் பத்தில் ஒன்றைவிடத் துல்லியமாக நிறுப்பவர்கள், ஒவ்வொரு உறையின் கழுத்தையும் அளந்து குறிப்பேட்டில் எழுதுபவர்கள், அதே மேசையில் அதே விரல்களால் பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

முதலில் அந்தச் செப்புக் கவசத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு நம்பிக்கைதான் மற்ற எல்லா அலட்சியத்துக்கும் வேராக இருக்கிறது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. கவசமில்லாத ஈயக் குண்டும், அடிப்பகுதியில் ஈயம் திறந்திருக்கும் சாதாரணக் கவசக் குண்டும் சுடும்போது வெளியேற்றுகிற அளவுக்கு, அடிப்பகுதி முழுவதும் மூடப்பட்ட போட்டிக் குண்டு ஈயத்தை வெளியேற்றுவதில்லை. ஆனால் தோட்டாவில் ஈயம் இருக்கும் இடம் குண்டு மட்டும் அன்று. வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் இருக்கும் கலவையில், வழக்கமான தயாரிப்புகளில், முதன்மையான பொருளே ஈய ஸ்டிஃப்னேட். அதோடு பேரியம் நைட்ரேட்டும் ஆன்டிமனி சல்ஃபைடும் சேர்ந்திருக்கும். பெரிய ரைஃபிள் பிரைமர் ஒன்றில் இந்தக் கலவை சில பத்து மில்லிகிராம் இருக்கும், அதில் ஈயத்தின் பங்கு மட்டும் சில மில்லிகிராம். இது அற்பமான அளவாகத் தோன்றலாம். ஆனால் வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம், அதாவது 50 டெசிலிட்டர், இருக்கிறது; அந்த இரத்தம் முழுவதிலும் கால் மில்லிகிராம் ஈயம் கலந்திருந்தாலே அறிக்கையில் 5 என்ற எண் வந்துவிடும். பிரைமரில் உள்ளதில் பெரும்பகுதி குழல் வாயின் வழியாக வெளியேறிவிடும் என்பது சரிதான். மீதி எங்கே போகிறது? உறைக்குள்ளும் பிரைமர் குழியிலும் கரிய தூளாகப் படிகிறது, துப்பாக்கிக் குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டில் படிகிறது, உங்கள் கையிலும் சட்டையிலும் படிகிறது. தடயவியல் ஆய்வகங்கள் ஒருவர் துப்பாக்கியைச் சுட்டாரா என்று அறிய, கையிலிருந்து எடுத்த மாதிரியில் ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் சேர்ந்த துகள்களைத்தான் மின்னணு நுண்ணோக்கியில் தேடுகின்றன. அந்தத் துகள்கள் கையில் இருக்கும் என்று நம்பியே ஒரு துறை இயங்கிக்கொண்டிருக்கும்போது, "என் கையில் ஈயம் ஏது?" என்று என்னிடம் கேட்பதில் பொருளில்லை.

ஈயம் இல்லாத பிரைமர்களும் சந்தையில் உண்டு. சீரான பற்றவைப்பு கிடைக்காது என்று தொலைதூரப் போட்டியாளர்கள் பலர் அவற்றைத் தொடுவதில்லை; அந்த விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. வழக்கமான பிரைமரையே பயன்படுத்துவதாக இருந்தால், அதன் எச்சத்தை எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

"நாங்கள் திறந்தவெளியில்தானே சுடுகிறோம்" என்பது அடுத்து வரும் சமாதானம். காற்றோட்டம் குன்றிய உள்ளரங்குகளோடு ஒப்பிட்டால் திறந்தவெளி நல்லதுதான். ஆயினும் கூரையும் பக்கச் சுவர்களும் உள்ள சுடுமேடையில், பின்னுதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் பொருத்திய பிரேக் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் தள்ளும்போது, அதைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருப்பவர். ஆனால் நான் விசாரித்த அளவில், கவசக் குண்டை மட்டும் பயன்படுத்தும் தொலைதூரச் சுடுநர்களின் ஈயம் பெரும்பாலும் சுடுதளத்திலிருந்து வருவதில்லை. அது வீட்டிலிருந்து வருகிறது.

சுட்ட உறைகளை வால்நட் ஓட்டுத் தூளிலோ மக்காச்சோளச் சக்கைத் தூளிலோ இட்டு, அதிர்வு எந்திரத்தில் மணிக்கணக்கில் சுழலவிடுகிறீர்கள். பித்தளை பளபளக்கிறது, அதிலிருந்த ஈய எச்சம் அந்தத் தூளுக்குள் போய்விடுகிறது. பிறகு மூடியைத் திறந்து, மாவு சலிப்பதுபோல் அந்தத் தூளைச் சலித்து உறைகளைப் பிரிக்கிறீர்கள். அப்போது எழும் புழுதியில் ஈயம் கலந்திருக்கிறது. மிக நுண்ணிய ஈயத் துகள் நுரையீரலின் ஆழம்வரை போய்விட்டால் ஏறத்தாழ முழுமையாக இரத்தத்தில் சேர்ந்துவிடும். மீதிப் புழுதி மேசையிலும் தரையிலும் கம்பளத்திலும் படிந்து, கை வழியாக வாய்க்குப் போகும். ஒரே தூளை மாதக்கணக்கில் மாற்றாமல் பயன்படுத்துவோரும், எந்திரத்தைச் சமையலறைக்கு அடுத்த அறையில் ஓட்டுவோரும், மூடியைத் திறந்து வைத்தே ஓட்டுவோரும் இருக்கிறார்கள். இவர்கள் அனைவரும், "ஈயத்தை நான் தொடுவதே இல்லை" என்று என்னிடம் முழு மனதோடு சொல்லியிருக்கிறார்கள்.

ஈயம் உடலுக்குள் என்னென்ன செய்யும் என்று இங்கே பாடம் நடத்தப் போவதில்லை. சோர்வு, எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, மலச்சிக்கல், மூட்டுவலி என்று வேறு எதற்கும் பொருத்திவிடக்கூடிய அறிகுறிகளோடுதான் அது வரும். பலருக்கு அறிகுறியே இராது, இரத்த அழுத்தம் மட்டும் மெல்ல ஏறியிருக்கும். நான் அஞ்சுவது வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்காக. விழுங்கிய ஈயத்தில் வளர்ந்தவர் உடல் ஏற்பது சிறு பங்குதான், சிறு குழந்தையின் உடலோ பாதிவரை ஏற்றுக்கொள்ளும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கான கவன அளவை 1991-இல் 10 என்றும், 2012-இல் 5 என்றும், 2021-இல் 3.5 என்றும் குறைத்துக்கொண்டே வந்ததற்குக் காரணம், தீங்கற்ற அளவு என்று ஒன்றை யாராலும் காட்ட முடியாததுதான். கருவுற்றிருக்கும் பெண் வீட்டில் இருந்தால், ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவைச் சென்றடையும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆகவே, உலர்ந்த தூளில் மெருகேற்றுவதை நிறுத்திவிட்டு, எஃகு ஊசிகளும் நீரும் கொண்ட ஈரமுறைக்கு மாறுங்கள். அந்தக் கழிவுநீரிலும் ஈயம் இருக்கும் என்பதால் அதைத் தோட்டத்திலோ சமையலறைத் தொட்டியிலோ கொட்டாமல், அபாயக் கழிவைப் பெறும் இடத்தில் ஒப்படையுங்கள். பழைய பிரைமரை நீக்குவது மெருகேற்றுவதற்கு முன்னரோ பின்னரோ, எப்போது செய்தாலும் நைட்ரைல் கையுறை அணியுங்கள். உலர்முறையைக் கைவிட மனமில்லாதவர்கள் சலிக்கும் வேலையை வீட்டுக்கு வெளியே, துகள்களைத் தடுக்கும் முறையான சுவாசக் கவசம் அணிந்து செய்யுங்கள். துணியை மூக்கில் கட்டிக்கொள்வது கவசமாகாது. மேசையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், சாதாரண வேக்குவம் கிளீனரையும் பயன்படுத்தாதீர்கள், அது நுண்துகளைப் பின்பக்கமாக அறை முழுவதும் ஊதிவிடும். ஈரத்துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள். கம்பளம் விரித்த அறையில் இந்த வேலையே வேண்டாம். மேசை அருகே உணவு, தேநீர், சிகரெட் எதுவும் வேண்டாம், ஒரு வாய்கூட வேண்டாம். சாதாரண சோப்பு ஈயத்தை முழுவதுமாக நீக்குவதில்லை என்பதால், கன உலோகங்களை அகற்றுவதற்கென்றே விற்கப்படும் துடைதாள்களையோ சோப்பையோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுடுதளத்தில் அணிந்த சட்டையோடும் படுத்திருந்த பாயோடும் வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். அந்த ஆடைகளைத் தனியாகத் துவையுங்கள், காலணிகளை வாசலிலேயே விட்டுவிடுங்கள். தயவுசெய்து, மேசைக்கு அருகே குழந்தைகளை அனுமதிக்காதீர்கள்; பளபளக்கும் உறைகளை விளையாடக் கொடுக்கும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

குண்டு வார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: உருகிய ஈயம் ஆவியாகுமா என்று வாதிடுவதைவிட, மேலே மிதக்கும் கசடை வழித்தெடுக்கும்போது பறக்கும் தூளைக் கவனியுங்கள்.

பரிசோதனையைப் பொறுத்தவரை, விரல் நுனியில் குத்தி எடுக்கும் மாதிரி உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. தோலில் ஒட்டியிருக்கும் ஈயமும் அதில் கலந்து பொய்யான உயர்வைக் காட்டும். சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தைக் கொடுங்கள். முடியைச் சோதித்து அளவு சொல்கிறோம் என்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். எண் சற்று உயர்ந்திருப்பதைக் கண்டவுடன், உடலின் நஞ்சை நீக்குகிறோம் என்று இணையத்தில் விற்கப்படும் மருந்துகளைத் தேடி ஓடுவதுதான் எனக்கு மிகவும் வேதனை தரும் செயல். ஈயத்தை வெளியேற்றும் இடுக்கிணைப்பு மருந்துகள் உண்டு, ஆனால் வளர்ந்தவர்களுக்கு அவை மிக உயர்ந்த அளவுகளிலோ கடுமையான அறிகுறிகள் இருக்கும்போதோ மட்டுமே, கண்காணிப்பில் தரப்படுபவை. அத்தகைய மருந்துகளில் ஒன்றான, கால்சியம் கலந்த இடிடிஏவுக்குப் பதிலாக சோடியம் மட்டும் உள்ள இடிடிஏ செலுத்தப்பட்டு, இரத்தத்தில் கால்சியம் சரிந்து நோயாளிகள் இறந்ததை அமெரிக்காவில் 2003-க்கும் 2005-க்கும் இடையில் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலானோருக்குத் தேவையான சிகிச்சை, ஈயம் உள்ளே நுழையும் வழியை அடைப்பதும், இரும்பு, கால்சியம் குறைபாடு இருந்தால் சரிசெய்வதும்தான்.

இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். ஆனால் உடலிலுள்ள ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில் தங்கியிருப்பதால், நெடுநாள் மீள்நிரப்பியவர்களுக்கு எண் அவ்வளவு விரைவில் இறங்காது. முதல் பரிசோதனைக்குப் பிறகு மூன்று மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். இறங்கியிருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை போதும். நான் சொன்ன அனைத்தையும் செய்த பிறகும் இறங்கவில்லையென்றால், வேறு வழியில் ஈயம் நுழைகிறதா என்று உங்கள் மருத்துவரோடு சேர்ந்து தேடுங்கள்; அதே வாரத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சோதியுங்கள்.